ஓபன் டே அன்று வந்த பிடிமண்

மேஜைமேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் என் அண்ணன். அவருக்குப் பின்னால் எங்கள் காலனி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், செருப்பை நிலவியல் துறை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்கள். முடிச்சுக்குள் இரண்டு கை அளவு செம்மண். அண்ணன் அதற்குள் விரலை விட்டு, ரூபாய் நாணயம் அளவில் வட்டமான ஒரு உலோகத் துண்டை எடுத்து மண்ணின் மேல் வைத்தார்.

“இதுதானுங் மேடம். சாமிக்கு அடியில இருந்துச்சு. ஸ்வல்ப பாத்துச் சொல்லுங்,” என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியரிடம்.

அந்தத் துண்டை எனக்கு நன்றாகத் தெரியும். அதை வெட்டியதும் நான், ஓட்டை போட்டதும் நான், சுத்தியலால் எண் குத்தியதும் நான்.

போன வாரம் கல் அறுக்கும் மெஷினில் என் விரல் நுனி போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “நீங்கள் வாரா வாரம் மற்றவர்களையே திட்டுகிறீர்கள். உங்கள் தப்பை எப்போது எழுதப்போகிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டீர்கள் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள்.

வைரம் எங்கே, பாத்ரூம் எங்கே

எங்கள் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் துறைகளையும் ஊருக்குத் திறந்துவிடுவார்கள். ஓபன் டே என்று பெயர். காலையில் கண்காட்சி, மத்தியானம் சொற்பொழிவு, சாயங்காலம் புல்வெளியில் கச்சேரி. மற்ற நாளில் வாட்ச்மேன் யார் என்ன என்று குடைகிற கேட்டுக்குள் அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் அரைக்கால் சட்டையோடு அப்படியே வருவார்கள். சரஸ்வதிபுரத்துப் பெண்கள் கச்சேரிக்கு இடம் பிடிக்க மூன்று மணிக்கே ஜமுக்காளத்தோடு வந்துவிடுவார்கள்.

ஃபிசிக்ஸ்காரர்களுக்குக் கவலையே இல்லை. ஒரு உருண்டையைத் தொடச் சொல்லி, தொட்டவர் தலைமுடியை நட்டுக்க நிற்கவைப்பார்கள். கூட்டம் அள்ளும். விலங்கியலில் பாட்டிலுக்குள் பாம்பு. நான் வேலை பார்த்த நிலவியல் துறையில் என்ன இருக்கிறது? கல். முப்பது வருஷம் கல்லை அறுத்தவன் சொல்கிறேன், கல்லைப் பார்க்க ஒருத்தரும் வரமாட்டார்கள். வழிதவறி வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள்.

இதை மாற்றவேண்டும் என்று கிளம்பியவர் எங்கள் ரேகா மேடம். என் கண்ணெதிரே ஆராய்ச்சி மாணவியாக வந்து, அதே துறையில் பேராசிரியராக ஆனவர். சாதுவான கன்னடக்காரப் பெண், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். “உங்கள் மண்ணைக் கொண்டு வாருங்கள், எந்தப் பக்கத்து மண் என்று சொல்கிறோம்” என்று வாசலில் கன்னடத்தில் போர்டு எழுதி வைத்தார்.

“யாரு மேடம் மண்ணைத் தூக்கிட்டு வருவாங்க?” என்று நான் சிரித்தேன். அந்த வருஷம் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. பூந்தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்தார்கள். வீட்டுமனை மண்ணைக் காட்டி, போர் போட்டால் தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். ஒரு பெரியவர் தன் கிட்னியிலிருந்து எடுத்த கல்லைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். மேடம் முகம் சுளிக்காமல் அதையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

இந்தப் பெருமையை எல்லாம் நான் வீட்டில் அளந்திருக்கிறேன். என் வாய் சும்மா இருந்தால்தானே. நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷத்து ஓபன் டேக்கு அண்ணன் முடிச்சோடு வந்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

சாமியைத் தூக்கிவருவது

முடிச்சுக்குள் இருந்தது சாதாரண மண் இல்லை. அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்களுக்குப் பூர்வீகம் ஹனூர்ப் பக்கம், மார்டள்ளிக்கும் அப்பால், காட்டை ஒட்டிய ஊர். மானாவாரிச் சோளம் ஏமாற்றிக்கொண்டே இருந்ததில், அண்ணன்தான் முதலில் மைசூருக்கு வந்து சித்தாளாகச் சேர்ந்தார். பிறகு கொத்தனார் ஆனார், மேஸ்திரி ஆனார். என்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்தார். எனக்கு யூனிவர்சிட்டியில் வேலை கிடைத்த அன்றைக்கு, அவர் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் வேலை பார்த்த எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் பின்னாலேயே சொந்தபந்தம் ஒவ்வொன்றாக வந்து, ஊருக்கு வெளியே ஒரு காலனியே ஆகிவிட்டோம்.

வீடு வாசல் ஆன பிறகு சாமி வேண்டாமா? எங்கள் குலதெய்வம் கருப்பராயன். ஊரிலிருக்கிற சாமியை வேறு இடத்துக்கு அழைத்துவர எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. பிடிமண் எடுப்பது. விரதமிருந்து, கோயிலில் பூசை செய்து, சாமியைக் கூப்பிட்டு, அங்கிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, புதுப் பீடத்துக்கு அடியில் போட்டு மூடுவார்கள். மண் வந்தால் சாமி வந்தாற்போல. வருகிற வழியில் முடிச்சைத் தரையில் வைக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

கொண்டுவருகிற வீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. அதற்கப்புறம் ஒவ்வொரு பூசையிலும் முதல் திருநீறு அந்த வீட்டு மூத்தவருக்குத்தான். அதனால் எங்கள் பங்காளி முருகேசன், “நான் போயிட்டு வர்றனுங்” என்று முந்திக்கொண்டு வந்தான். பீடம் கட்டுகிற வேலையை வேறு கையில் விட அண்ணனுக்கு மனசில்லை. “நான் இங்க இருக்கோணும். மண்ணெடுக்க என்ற தம்பி வேலு போவான்,” என்று முடித்துவிட்டார்.

சீட்டுப் பிடித்தேன்

போனேன். விரதம் எல்லாம் ஒழுங்காக இருந்தேன். மண்ணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொள்ளேகால்வரை வந்தேன். அங்கே பஸ் மாறவேண்டும்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மைசூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பஸ் நின்றது. கூட்டம் முண்டியது. நம் ஆட்கள் கூட்டத்தைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பார்கள். என்னிடம் துண்டு இல்லை. முடிச்சு இருந்தது. தரையில்தானே வைக்கக்கூடாது, சீட்டில் வைத்தால் என்ன என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்குள் கையை விட்டு சாமியை சீட்டில் உட்காரவைத்தேன். டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று எதிர்க்கடைக்குப் போனேன்.

டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் பஸ் இல்லை.

விசாரணை ஜன்னலில் போய்க் கத்தினேன். அவர் நிதானமாக, அது மைசூர் பஸ்ஸே இல்லை, இடம் இல்லாமல் அங்கே நிறுத்தியிருந்தார்கள், சாமராஜநகர் போய்விட்டது என்றார். இங்கே மைசூரில் சாயங்காலம் மண் போட நேரம் குறித்திருந்தார்கள். மேளம் சொல்லியாயிற்று, உறவுமுறை எல்லாம் கூடியாயிற்று. அண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருப்பார். நான் செல்போனை அணைத்து வைத்துவிட்டு, அடுத்த மைசூர் பஸ்ஸில் ஏறி, வழி முழுக்க அழுதேன்.

அழுதுகொண்டே வந்தவனுக்கு பாதி வழி தாண்டுகையில் ஒரு யோசனை வந்தது. இப்படி ஒரு யோசனை நிலவியல் துறையில் சம்பளம் வாங்குகிறவனுக்கு மட்டும்தான் வரும். எங்கள் துறை அலமாரியில் மண் மாதிரிகள் பை பையாக இருந்தன. எந்த ஊர், எந்த இடம் என்று ரிஜிஸ்டரில் சுத்தமாக எழுதி வைத்திருப்போம். அப்போது மாணவியாக இருந்த ரேகா மேடம் ஹனூர்ப் பக்கம் போய் எடுத்து வந்த பைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அதில் ஒன்று எங்கள் கோயிலுக்கு ரெண்டு மைல் பக்கத்தில் எடுத்தது. அதே மண், அதே மழை, அதே மலையிலிருந்து வழிந்து வந்தது. இதைவிடச் சரியான மண் உலகத்தில் கிடைக்குமா?

சாவி என்னிடம்தான் இருந்தது. பஸ் நிலையத்திலிருந்து நேராகத் துறைக்குப் போய், வழியில் வாங்கிய மஞ்சள் துணியில் அந்தப் பையை அப்படியே கவிழ்த்தேன். வெளியே எழுதினால் அழிந்துவிடும் என்று ஒவ்வொரு பைக்குள்ளும் எண் குத்திய அலுமினியத் தகடு ஒன்றைப் போடுவோம். வருஷக்கணக்காக அதை வெட்டிப் போடுகிறவனே நான்தான். அன்றைக்கு அது என் நினைவிலேயே இல்லை.

மேளம் கொட்டி மண்ணை வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம் லேட் என்று முருகேசன் மட்டும் முணுமுணுத்தான்.

அடுத்த வாரம் ரேகா மேடம் பையைக் காணாமல் துறையே அல்லோலகல்லோலப்பட்டது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டபடி பேசினார். அந்தப் பெண் மூலையில் நின்று அழுததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நானும் அவரோடு சேர்ந்து அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அவர் மறுபடியும் இரண்டு நாள், யானை நடமாடுகிற காட்டு வழியில் போய் அந்த மண்ணை எடுத்து வந்தார்.

ஏணி, வேல், அரிவாள்

அதன்பின் பதினைந்து பதினாறு வருஷம் ஓடியது. கோயிலைப் பெரிதாக எடுத்துக் கட்டவேண்டும் என்று முடிவாகி, பீடத்தைப் பிரித்தார்கள். அந்தச் சமயம் நான் மகள் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தேன். “மண்ணோட ஒரு தகடு கெடச்சிருக்குது” என்று அண்ணன் போனில் சொன்னார். பூசாரி ஏதாவது செப்புத் தகடு போட்டிருப்பார் என்று நினைத்து நான் உம் கொட்டினேன்.

நடந்ததை அப்புறம்தான் முழுசாகக் கேட்டேன். தகட்டில் மூன்று குறிகள் இருந்தனவாம். பூசாரி கையில் வைத்துப் பார்த்து, முதலாவது ஏணி, இரண்டாவது வேல், மூன்றாவது கருப்பராயனுடைய அரிவாள், இது சாமியே அனுப்பிய முத்திரை என்று சொல்லிவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். படித்த பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கும். ஆனால் குலவைக்கு நடுவில் யார் வாயைத் திறப்பது?

முருகேசன் திறந்தான். “அது ஹெச் பதினேழு. கவர்மென்ட் நம்பர். வேலு கொண்டாந்த மண்ணு எங்கத்த மண்ணோ. சாமி இன்னும் வரவே இல்ல. நான் போய் கூட்டியாறேன்.”

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “என்ற தம்பி கொண்டாந்த மண்ணுடா அது. யூனிவர்சிட்டிலயே காட்டறேன். இதுல ஒரு குத்தம் இருந்துச்சுன்னா மொத திருநீறு உன்ற வீட்டுக்கு. நான் கடைசி வரிசைல நின்னுக்கறேன்,” என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டார்.

என்னை நம்பிச் செய்த சத்தியம். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான் பெங்களூரிலிருந்து நேராக வேலைக்கு வந்திருந்தேன்.

மேடம் பார்த்தார்

ரேகா மேடம் முதலில் மண்ணைப் பார்த்தார். விரலில் தேய்த்தார், லென்ஸை வைத்தார், தண்ணீர் விட்டுக் குழைத்தார். பிறகு தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அங்கிருந்த மைக்ராஸ்கோப்பைத் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“மண் ஹனூர்ப் பக்கத்து மண்தான். சந்தேகமே இல்லை,” என்றார் அண்ணனிடம் கன்னடத்தில்.

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. “பாத்தீங்களாடா?” என்று திரும்பிச் சொன்னார். அப்புறம், “அந்தத் தகடு மேடம்?” என்றார்.

“அதை வேலுவைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, மேடம் அடுத்த ஆளின் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “பாத்து… அப்பறமா சொல்றனுங்ணா. கூட்டமா இருக்குது,” என்றேன்.

மற்றவர்கள் ஃபிசிக்ஸில் முடியை நிறுத்திப் பார்க்கப் போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் என்னோடு இருந்தார். முடிச்சைத் தரையில் வைக்காமல், ஒரு கையால் மார்போடு பிடித்துக்கொண்டு நாள் முழுக்க என் பின்னால் வந்தார். அவர் கட்டிய கட்டடங்கள் இரண்டு அந்த வளாகத்திலேயே இருந்தன. கட்டி முடித்த பிறகு அதற்குள் அவர் போனதே கிடையாது. சுவரைத் தட்டிப் பார்த்து, “பூச்சு நல்லாத்தான் இருக்குது” என்றார்.

மத்தியானம் பாறைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் படம் போட்டுக் காட்டிப் பேசினார். கடைசியில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு உயிரே போனது.

“சார், சாமுண்டி பெட்டத்துக்கு வயசு ஜாஸ்தியா, ஹனூர் மலைக்கு வயசு ஜாஸ்தியா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“நல்ல கேள்வி,” என்றார் அவர். “உங்கள் ஹனூர்ப் பக்கத்துப் பாறைக்குத்தான் வயசு அதிகம். சாமுண்டி மலை அதற்கு முன்னால் குழந்தை.”

அண்ணன் உட்கார்ந்து, என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சொல்லாமல் விட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் தெரிந்தது. மேடம் சொல்லமாட்டார். முருகேசன் வாயை அடைத்தாயிற்று. மண் ஹனூர் மண் என்று யூனிவர்சிட்டியே சொல்லிவிட்டது. தகடு பழைய சர்வே தகடு, காற்றில் மழையில் வந்து சேர்ந்தது என்று ஒரு பொய் போதும். அண்ணன் சாகும்வரை முதல் திருநீறு வாங்குவார். அந்தப் பொய்யைத் தயாராக நாக்கில் வைத்துக்கொண்டேதான் கச்சேரிக்குப் போனேன்.

கச்சேரியில்

புல்வெளியில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. ஒரு இளம்பெண் பாட, பக்கத்தில் வயலின். நாங்கள் கடைசியில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணனுக்குக் கர்நாடக சங்கீதம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தொடையில் அவருக்குத் தோன்றிய தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சு மடியில் இருந்தது.

நடுவில் அவர் என் பக்கம் சாய்ந்து, “உன்ன மண்ணெடுக்க அனுப்புனப்ப முருகேசன் என்னவெல்லாம் பேசுனான் தெரியுமா? சிகரெட்டு குடிக்கறவன், அவங்கிட்டச் சாமிய குடுக்கறீங்களேன்னான். என்ற தம்பி கையில குடுத்தா என்ற கையில குடுத்த மாதிரின்னேன். இன்னிக்குத்தான் மனசு ஆறுச்சு,” என்றார்.

நாக்கிலிருந்த பொய் தொண்டைக்குள் போய்விட்டது.

“அண்ணா, இது நம்ம கோயல் மண்ணு இல்லீங்ணா.”

அவர் கை தாளம் போடுவதை நிறுத்தியது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், பாடுகிற பெண்ணைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டுப் பிடித்தது, டீ, அலமாரி, மேடம் அழுதது, எல்லாம். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, பேசாதீர்கள் என்று முறைத்தாள். குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னேன். பாட்டு முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை.

எழுந்து ஸ்கூட்டர்கள் நிற்கிற பக்கம் போனார். பின்னாலேயே போனேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் போனை எடுத்தார். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

“முருகேசா, நீ சொன்னதுதாண்டா செரி. அது நம்பருதான். மண்ணு கோயல் மண்ணு இல்ல. மொத திருநீறு இனிமே உன்ற வீட்டுக்கு.”

“வேலு பண்ணுன வேலைங்களா?” என்றான் முருகேசன்.

“எங்க வீட்டு வேல. அவ்வளவுதான். மண்ணுக்கு நான் வழி பண்றேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. அறுபதை நெருங்கியவன், மாணவர்கள் போகிற வருகிற இடத்தில் விக்கி விக்கி அழுதேன். “அடிச்சிருங்ணா” என்றுகூடச் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வேறு எதையோ கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தார்.

“அளுவாத. அந்த பஸ்ஸு எங்க போற பஸ்ஸுன்ன?”

“சாமராஜநகருங்ணா.”

“சாமராஜநகர் டிப்போ வண்டியா?”

“அப்படித்தான் இருக்கும். அண்ணா, நாம நாளைக்கே ஊருக்குப் போயி புதுசா மண்ணெடுத்துட்டு வந்தர்லாம்.”

“கூப்புட்ட சாமி அன்னிக்கே கெளம்பி வந்துட்டாரல்லடா. மறுக்கா அங்க போயி யாரக் கூப்புடுவ?” என்றார். “பஸ்ஸுல போன சாமிய பஸ்ஸுலதான் தேடோணும்.”

டிப்போவின் மூலை

மறுநாள் காலை முதல் வேலையாக ரேகா மேடத்தின் அறைக்குப் போய்த் தகட்டை மேஜைமேல் வைத்தேன். “நான்தான் எடுத்தேன் மேடம்,” என்றேன். மேடம் பழைய ரிஜிஸ்டரை எடுத்தார். பதினேழாம் எண்ணுக்கு எதிரே ‘காணவில்லை’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, ‘கிடைத்தது’ என்று எழுதினார். “அப்போது என்னிடம் கேட்டிருந்தால் நானே பாதி கொடுத்திருப்பேன், வேலு,” என்றார். அதற்கு அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அண்ணன் கேட்டில் காத்துக்கொண்டிருந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இடுப்பில் புது மஞ்சள் துணி செருகியிருந்தார். சாமராஜநகர் டிப்போவில் எங்களை உள்ளே விடவே அரை மணி நேரம் ஆயிற்று. என்ன தொலைந்தது, எப்போது தொலைந்தது என்று காவலாளி கேட்டார். அண்ணன் உள்ளதை உள்ளபடி சொன்னார். நான் அவமானத்தில் தலைகுனிந்து நின்றேன். காவலாளி சிரிக்கவில்லை. பஸ் கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த அம்மா துடைப்பத்தோடு வந்து, அண்ணன் சொன்னதை ஒரு தரம் முழுசாகக் கேட்டார். பஸ்ஸைக் கூட்டுகிற குப்பையும் மண்ணும் எங்கே போகும் என்றார் அண்ணன். “நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த மூலைதான். குப்பையை எரிப்போம், மண் அங்கேயே கிடக்கும்,” என்று சுவரோரத்துப் புங்கமரத்தைக் காட்டினார்.

மரத்தடியில் கரியும் மண்ணும் ஒரு மேடாகக் கிடந்தது. வேர்க்கடலைத் தோல், கிழிந்த டிக்கெட்டு, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அண்ணன் சூடத்தை எடுத்தார். டீசல் இருக்கிற இடம், நெருப்பு வைக்கக்கூடாது என்று காவலாளி ஓடிவந்தார். சூடத்தைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு, அந்த ஆயில் படிந்த தரையில் அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வெள்ளை வேட்டி கறுத்துப்போயிற்று.

“கருப்பா, ஊரு சுத்துனது போதும். கெளம்பு,” என்றார். மேட்டைக் கொஞ்சம் தோண்டி அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். டிக்கெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு முடிந்துகொண்டார். துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு அந்த அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த மண்ணில் எங்கள் கோயில் மண் எத்தனை பொடி இருக்கும்? எனக்குத் தெரியாது. எந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் தெரியாது. அண்ணனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் என்னிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டமான பஸ். நஞ்சன்கூடு ஸ்டாண்டில் நின்றதும் டிரைவர் இறங்கிப் போனார். அண்ணன் எழுந்தார். முடிச்சை என் பக்கம் நீட்டினார்.

“இந்தா, புடி.”

“அண்ணா… எங்கிட்டயா?”

“பின்ன ஆருகிட்டக் குடுக்கறது? ஒண்ணுக்கு வருதுடா,” என்று என் கையில் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டீ விற்கிறவன் ஜன்னலில் தட்டி, வேண்டுமா சார் என்றான். அண்ணன் வந்து பக்கத்தில் உட்காருகிறவரை நான் அவனுக்குப் பதிலே சொல்லவில்லை.